குருவியின் பஞ்சாங்கம்

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அதில் இல்லாத விஷயமே இல்லை என்று தோன்றும். ராகு காலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது, பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்பது இருக்கிறது, இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை என்பதுகூட இருக்கிறது. ஆனால் தூக்கணாங்குருவி எந்த வாரத்தில் கூடு கட்டத் தொடங்கும், ஆற்று முதலை எந்த மாதத்தில் மணலைத் தோண்டி முட்டையிடும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்வதில்லை. இதற்காக ஜோசியர்களைக் குறை கூற வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல வேளை பார்த்துச் சொல்லுங்கள் என்று குருவிகள் அவர்களிடம் போய்க் கேட்டதில்லை.

குருவிக்கு வேறு பஞ்சாங்கம் இருக்கிறது. மழை, வெயில், பகலின் நீளம், புல்லின் பசுமை, புழு பூச்சிகளின் பெருக்கம் ஆகிய ஐந்தும்தான் அதன் ஐந்து அங்கங்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக ஏறக்குறையப் பிசகாமல் நடந்துவந்த அந்தப் பஞ்சாங்கம் இப்போது பிசகத் தொடங்கியிருக்கிறது. எவ்வளவு பிசகியிருக்கிறது என்று கேட்டால், உலகத்தில் சில ஊர்க்காரர்கள் மட்டும் தேதி சொல்லிப் பதில் கூறுகிறார்கள். மற்றவர்கள் விழிக்கிறோம். ஏன் அப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாலக்கோட்டிலிருந்து தொடங்குகிறேன். சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் ரயில் பாதையில், தருமபுரிக்கு வடக்கே இருக்கும் ஊர் அது. இன்று பாலக்கோடு என்றால் எல்லாருக்கும் தக்காளி மண்டிதான் நினைவுக்கு வரும். சரித்திரம் படித்தவர்களுக்கு மட்டும் வேறொரு பெயர் நினைவுக்கு வரும்: பாரமகால். மைசூரின் திப்பு சுல்தான் 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பெனியாருக்கு விட்டுக் கொடுத்த சீமைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சீமைக்குள் இருந்தது பாலக்கோடு. அதை நிர்வகிக்க வந்தவர் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்து தருமபுரியில் தங்கியவர், பிற்காலத்தில் சென்னை கவர்னராகி, இன்றைக்கும் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ.

இவ்விருவரும் செய்த முதல் காரியம் அளப்பது. வயலை அளந்தார்கள், மேட்டை அளந்தார்கள், கிணற்றை எண்ணினார்கள், எந்த மண்ணில் எந்தத் தானியம், எந்த மாதத்தில் விதைப்பு, எந்த மாதத்தில் அறுப்பு என்று எழுதிக் குவித்தார்கள். பிற்காலத்தில் சென்னை அரசாங்கம் 'பாரமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் அவற்றைப் பல பகுதிகளாக அச்சிட்டது. 1883-இல் லெஃபானு எழுதிய சேலம் ஜில்லா மானுவல் வந்தது. 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டீர் வந்தது. 1965-இல் தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரியும் வரை பாலக்கோட்டின் கதையும் சேலத்தின் கதைக்குள்ளேயே அடங்கியிருந்தது. மண்ணைப் பற்றி இத்தனை ஏடுகள்! ஆனால் அந்த மண்ணின் மேல் வாழ்ந்த பட்சிகள் எந்த நாளில் முட்டையிட்டன என்பதை யார் ஆண்டுதோறும் குறித்து வைக்கப் போகிறார்கள்? குருவிக்கூட்டுக்கு வரி போட முடியாதே!

பாலக்கோட்டுப் பக்கத்தின் மழை விசேஷமானது. தஞ்சாவூருக்கு ஐப்பசி மழை. மலையாளத்துக்கு ஆனி மழை. தருமபுரிச் சீமையோ இரண்டு வீட்டுக்கும் உறவினர். தென்மேற்குப் பருவம் மலைகளைத் தாண்டி வந்து மிச்சம் மீதியைக் கொடுக்கும். வடகிழக்குப் பருவம் கடற்கரையில் கொட்டியது போக எஞ்சியதைக் கொடுக்கும். இரண்டும் கோடை மழையும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். இதை நம்பித்தான் ராகியும் சாமையும் அவரையும் நிலக்கடலையும். இதை நம்பித்தான் கிணற்று மேட்டுத் தென்னையிலும் பனையிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளும்.

இந்தக் குருவியின் குடும்ப ரகசியத்தை உலகுக்கு முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் நம் நாட்டுப் பறவை அறிஞர் சலீம் அலி. 1930-ஆம் ஆண்டு, வேலையில்லாமல் பம்பாய்க்கு எதிரே உள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கியிருந்தபோது, அவர் நாள்தோறும் ஒரு குருவிக் கூட்டத்தைக் கவனித்து எழுதினார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்திவிடுகிறது. பெண் குருவிகள் கூட்டமாக வந்து பார்வையிடுகின்றன. ஒரு பெண்ணுக்குப் பிடித்துவிட்டால் உள்ளே குடியேறுகிறது. ஆண் மிச்சத்தைக் கட்டி முடிக்கிறது. பிறகு அந்த ஆண் என்ன செய்கிறது தெரியுமா? பக்கத்திலேயே அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, அடுத்த மனைவியை எதிர்பார்க்கிறது! நம் கதாசிரியர்கள் பொறாமைப்படக்கூடிய சம்பவங்கள் நிறைந்த வாழ்க்கை.

இந்த வாழ்க்கை முழுவதும் மழையில் தொங்குகிறது. கூடு பின்ன நீளமான பச்சை நார் வேண்டும். நெல் தாளோ உயரமான புல்லோ பச்சையாக இருக்கும்போதுதான் அதைக் கிழித்து நாராக்க முடியும். காய்ந்த புல் ஒடிந்து போகும். குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் வேண்டும். அவையும் மழைக்குப் பின்தான் பெருகும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்போது புல் விதையும் தானியமும் முற்றத் தொடங்க வேண்டும். ஆக, மழை வந்தால் மட்டும் போதாது. வந்த மழை நீடிக்கவும் வேண்டும். இரண்டு நாள் பெய்துவிட்டு நாற்பது நாள் ஓடி ஒளிந்துகொண்டால் பாதிக் கட்டிய கூடுகள் பாதியிலேயே நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் வழியில், கிணற்றோரத் தென்னை ஒன்றில் இப்படிப் பாதியில் நின்ற கூடுகளைப் பார்த்தேன். தொப்பி போலக் கவிழ்ந்து, பழுப்பேறித் தொங்கிக் கொண்டிருந்தன. தோட்டத்துக்காரர் வயதானவர். அவரிடம் விசாரித்தேன்.

"மழை முன்ன மாதிரி இல்லீங்க சாமி. குருவியும் அதே மாதிரி ஆயிப்போச்சு" என்றார்.

"எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அதை யாருங்க எழுதி வெச்சாங்க?" என்றார்.

ரீட் எழுதவில்லை, மன்றோ எழுதவில்லை, படித்தவர்கள் என்று சொல்லிக் கொள்ளும் நாமும் எழுதவில்லை. ஆனால் எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் என்னும் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்று ஒரு நிலச்சுவான்தார் இருந்தார். மரங்களில் மோகம் கொண்ட மனிதர். 1736-ஆம் ஆண்டு முதல், வசந்தத்தின் அடையாளங்களை அவர் தேதியிட்டுக் குறிக்கத் தொடங்கினார். முதல் இலை எப்போது துளிர்த்தது, குயில் முதலில் எப்போது கூவியது, தவளை எப்போது கத்தியது என்றெல்லாம் எழுதினார். அவருக்குப் பின் அவர் மகன், அவருக்குப் பின் பேரன் என்று அந்தக் குடும்பம் 1958 வரை எழுதியது. இருநூறு வருஷங்களுக்கு மேல்! சொத்துக்காக வழக்காடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். தவளைக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய குடும்பத்தை வேறெங்கே பார்ப்பது? எழுதிய காலத்தில் அது ஒரு கனவானின் பொழுதுபோக்கு. இன்று பூமி வெப்பமடைவதை ஆராய்கிறவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம்.

அதே நாட்டில் பறவைக் கூடுகளைப் பார்த்துச் சீட்டில் குறித்து அனுப்பும் பழக்கம் சாதாரண ஜனங்களிடையே பரவியது. பள்ளி ஆசிரியர்களும் பாதிரிமார்களும் ஓய்வு பெற்றவர்களும் எழுதி அனுப்பிய அந்தச் சீட்டுகளை 1990-களில் ஆராய்ந்து பார்த்தார்கள். 1971 முதல் 1995 வரை, 65 வகைப் பறவைகள். அவற்றில் 20 வகைகள் முன்னைவிடச் சராசரி ஒன்பது நாள் முந்தி முட்டையிடத் தொடங்கியிருந்தன. பிந்திப் போனது ஒரே ஒரு வகைதான். 1997-இல் இந்த முடிவு வெளியானபோது, சீதோஷ்ணம் மாறுவது வெறும் உஷ்ணமானியின் கதையல்ல, முட்டையின் கதையும்தான் என்று உலகம் தெரிந்துகொண்டது.

ஒன்பது நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கத் தோன்றும். நம் வீட்டுக் கல்யாணத்தை முன்னிட்டு யோசித்துப் பாருங்கள். பந்தி போட்டாயிற்று, சமையல் ஒன்பது நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது! ஹாலந்து தேசத்தில் நடந்தது இதுதான். ஓக் மரக் காடுகளில் வசந்த காலத்தில் சில வாரம் மட்டும் கம்பளிப் புழுக்கள் ஏராளமாகப் பெருகும். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்ற சின்னஞ் சிறு பறவை, அந்தப் புழு விருந்துக்குச் சரியாக வந்து குஞ்சு பொரிக்கும். வெப்பம் ஏறியதும் புழுக்கள் முந்திக்கொண்டன. ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு ஹாலந்தில் வெயில் ஏறியது எப்படித் தெரியும்? பகலின் நீளத்தைப் பார்த்துப் பழைய தேதியிலேயே அது புறப்பட்டது. வந்து பார்த்தால் இலை காலி. புழுக்கள் மிகவும் முந்திவிட்ட காடுகளில், இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பறவைகள் நூற்றுக்குத் தொண்ணூறு குறைந்து போனதாக 2006-இல் கணக்கிட்டார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை; காடு வெட்டப்படவில்லை; தேதி தவறியது, அவ்வளவுதான்.

எல்லாப் பறவையும் ஏமாந்து போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே வைதம் என்னும் காட்டில் 1947 முதல் பட்டாணிக் குருவிகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருக்கும் அக்குருவிகள், 1960-களில் இட்டதைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தி முட்டையிட்டு, புழுக்களோடு ஈடு கொடுத்து ஓடுகின்றன. சமாளிக்கிறவை எவை, தோற்கிறவை எவை என்று பிரித்துச் சொல்ல முடிகிறதே, அதற்குக் காரணம் அந்த நோட்டுப் புத்தகங்கள்தான்.

நம் நாட்டில் இப்படி எழுத முயன்றவர் யாருமில்லையா? இருந்தார். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் அவர். இந்தியப் பறவைகளைப் பற்றி அவரைப் போலத் தகவல் சேர்த்தவர் அந்த நூற்றாண்டில் வேறு யாருமில்லை. தேசமெங்கும் இருந்த உத்தியோகஸ்தர்களுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் கடிதம் எழுதி, எந்த ஊரில் எந்தப் பறவை எந்த மாதத்தில் கூடு கட்டுகிறது என்று விசாரித்தார். 1873-இல் தொடங்கி இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஆனால் அது முன்னோட்டந்தான். அதைவிடப் பெரிய நூல் ஒன்றுக்காக இருபத்தைந்து வருஷக் குறிப்புகளைச் சேர்த்துச் சிம்லாவில் தம் மாளிகையில் வைத்திருந்தார். 1880-களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் அவர் வெளியூர் போயிருந்த சமயம், வேலைக்காரன் ஒருவன் அந்தக் காகிதங்களையெல்லாம் கடைத்தெருவில் பழைய காகித விலைக்குப் போட்டுவிட்டான்!

ஹியூம் மனம் உடைந்தார். சேகரித்திருந்த எண்பதாயிரத்துக்கும் அதிகமான பறவைத் தோல்களையும் முட்டைகளையும் 1885-இல் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டுப் பறவைகளை மறந்தார். அதே ஆண்டு காங்கிரஸ் பிறந்தது. அரசியலுக்கு லாபம்; பறவைகளுக்கு நஷ்டம். சிம்லா பஜாரில் எந்தப் பொட்டலத்தில் எந்தக் குருவியின் பிறந்த நாள் மடிந்து போயிற்றோ!

ஆனால் காலம் தவறுவதைத் தமிழர்கள் கவனிக்கவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில் ஒரு தோழி வருகிறாள். கார்காலத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்லும் சமாதானம் என்ன? கார்காலம் இன்னும் வரவில்லை. காலமில்லாத காலத்தில் பெய்த மழையைப் பார்த்துக் கொன்றை மரங்கள்தான் ஏமாந்து பூத்துவிட்டன என்கிறாள். அன்று அது தோழி சொன்ன அழகிய பொய். பருவம் தப்பிய மழைக்கு மரம் ஏமாறக் கூடும் என்பதை அறிந்த ஒரு சமூகத்தில்தான் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடியும். இன்று அந்தப் பொய் மெய்யாகிவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இது என் கற்பனையல்ல. அரசாங்கமே தேதியை மாற்றியிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, 1901 முதல் 1940 வரையிலான கணக்கை வைத்துக்கொண்டு, பருவமழை எந்த ஊருக்கு எந்த நாளில் வரும், எந்த நாளில் விடைபெறும் என்று ஓர் அட்டவணை வைத்திருந்தது. 2020-ஆம் ஆண்டு அதைத் திருத்தி எழுதினார்கள். கேரளத்தில் தொடங்கும் நாள் ஜூன் 1 என்பது மாறவில்லை. ஆனால் வடமேற்கு மூலையிலிருந்து மழை விடைபெறத் தொடங்கும் நாள் செப்டம்பர் 1 என்றிருந்தது, செப்டம்பர் 17 ஆயிற்று. விருந்தாளி இரண்டு வாரத்துக்கு மேல் அதிகம் தங்குகிறார் என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்ட மாதிரி. மழைக்குத் தேதி எழுதி வைத்திருந்ததால் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த மழையை நம்பிய குருவியின் தேதி?

மழைக்கும் முட்டைக்கும் உள்ள பந்தத்தைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் வேடந்தாங்கலுக்குப் போகலாம். வடகிழக்குப் பருவ மழையில் ஏரி நிரம்பினால், நீரில் நிற்கும் மரங்களில் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் வக்காவும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். ஏரி நிரம்பாவிட்டால் கூடு இல்லை. நீர் சூழ்ந்திருந்தால்தான் மரத்துக்குக் காவல். சுற்றியுள்ள வயல்களில் நீர் இருந்தால்தான் குஞ்சுக்கு மீனும் நத்தையும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட வந்தபோது, கிராமத்தார் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாதென்று கௌல் எழுதி வாங்கினார்கள். 1858-இல் தங்கள் உரிமையை மறுபடி உறுதி செய்துகொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். துப்பாக்கியைத் தடுக்கக் கலெக்டர் இருந்தார். மழையைத் தடுத்தாட்கொள்ள எந்தக் கலெக்டர்? 2015-இல் வடகிழக்குப் பருவம் சென்னையை மூழ்கடித்தது. மறு வருஷமே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்துபோயிற்று. இப்படி ஒரு வருஷம் வெள்ளமும் அடுத்த வருஷம் வறட்சியுமாக மாறி மாறி வந்தால், ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கல்யாணம் நிச்சயிக்கும் நாரை என்ன செய்யும்?

மறுபடி பாலக்கோட்டுப் பக்கம் வருவோம். அங்கே பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி ஓடும் சின்னாறு, ஒகேனக்கல் அருகே காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரியில் முதலைகள் உண்டு. சேற்று முதலை மாசி பங்குனி வாக்கில் கரையில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். இரண்டு மாதத்துக்குப் பின், பெரு மழைக்கு முன்பாகக் குஞ்சுகள் வெளிவர வேண்டும். நேரத்துக்கு முந்திப் புது வெள்ளம் வந்தால் முட்டைகள் மூழ்கும். இதைவிட விசித்திரம் ஒன்றும் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அருகே 1976-இல் ஏற்பட்ட சென்னை முதலைப் பண்ணையில் ஆராய்ந்து, 1989-இல் வெளியிட்ட உண்மை அது. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயுமல்ல, தந்தையுமல்ல, மண்ணின் சூடு! முட்டைக்கு 31 டிகிரி வரை சூடு இருந்தால் எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். உலகத் தலைவர்கள் மாநாடு கூட்டி, பூமியின் சூடு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்று பேசுகிறார்களே, அது நமக்கு ஒரு விவாதம். முதலைக்கு அது வம்சத்தின் பிரச்னை.

காட்டைக் காப்பாற்ற நம் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 2014-இல் காவிரி வடக்கு சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. பின்னதன் பரப்பு மட்டும் 686 சதுர கிலோமீட்டர். ரீடும் மன்றோவும் அளந்த மண்ணில் இன்று யானைக்கும் பட்டா உண்டு என்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் பட்டா இடத்துக்குத்தான். காலத்துக்கு எல்லைக்கல் நட முடியாது. ஹாலந்துப் பறவைக்குக் காடு அப்படியே இருந்தது. தேதிதான் பறிபோயிற்று என்பதை மறக்கக் கூடாது.

காலத்துக்கு ஒரே எல்லைக்கல் குறிப்பேடுதான். அதற்கு மார்ஷம் போல ஜமீன் வேண்டியதில்லை. 2007-இல், வலசைப் பறவைகள் வந்து சேரும் நாளைக் குறிக்க நம் நாட்டில் ஓர் இயக்கம் தொடங்கியது. 2010-இல், மரங்கள் பூக்கும் நாளைக் குறிக்க 'சீசன்வாட்ச்' என்னும் இயக்கம் தொடங்கியது. கேரளத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்து, கொன்றை விஷுவுக்கு எத்தனை நாள் முந்திப் பூக்கிறது என்று வாரம் தவறாமல் எழுதி வருகிறார்கள். குறுந்தொகைத் தோழி இவர்களைப் பார்த்தால், இனிப் பொய் சொல்லித் தப்ப முடியாது என்று தெரிந்துகொள்வாள்.

ஆகையால் வாசகர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டிலும் பால் கணக்குக்கு ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் ஒரு மூலையில், வாசல் வேம்பு பூத்த நாள், கிணற்றடியில் தூக்கணாங்குருவி முதல் நாரைக் கொண்டு வந்த நாள், முதல் மழையிரவில் தவளை கத்திய நாள் என்று மூன்றே வரி எழுதி வையுங்கள். ஆண்டு முடிந்ததும் மறக்காமல் அந்தத் தாளைக் கிழித்துப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். பழைய காகிதக்காரன் வரும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.